ஹில்க்கா நிரப்பிய இருபது தோட்டா

எங்கள் ஹௌக்கிவாராவில் ஹில்க்கா மொய்லனெனைத் தெரியாத ஆள் கிடையாது. முப்பது வருஷமாக ஏரியைச் சுற்றி எல்லா வீட்டுக்கும் தபால் கொண்டுபோகிறவள் அவள்தான். அவளுடைய பயமும் தபாலோடு சேர்ந்தே வீடு வீடாகப் போய்விட்டது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புவாள். ஏரி அரை மீட்டர் கனத்துக்கு உறைந்து, மர லாரியே மேலே ஓடுகிற மாசத்திலும் கரையைச் சுற்றித்தான் போவாள். புருஷன் இல்போ சௌனா என்கிற நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்திருந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டி, "இருக்கியா?" என்பாள். "செத்துட்டேன், போ" என்று உள்ளேயிருந்து அவன் கத்துவான். ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

இப்படிப்பட்ட ஒருத்தி வீட்டிலேயே துப்பாக்கித் தோட்டா நிரப்புகிறாள் என்று வெளியூர்க்காரனிடம் சொன்னால் நம்ப மாட்டான். ஆனால் அவள் அந்த வேலையில் இறங்கியதே பயத்தினால்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கடையில் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்றார்கள், அதுவும் இரண்டு மடங்கு விலைக்கு. மூஸ் மான் வேட்டை தொடங்க ஒரு மாசம்கூட இல்லை. இல்போ எங்கிருந்தோ ஒரு பழைய அழுத்து இயந்திரத்தை வாங்கி வந்து, துணி துவைக்கும் அறை மேஜையில் திருகி வைத்தான். சுட்டுப்போட்ட பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்க வேண்டும். அடியில் பொட்டு வெடி மாதிரி ஒரு சின்னத் தகட்டைப் பதிக்க வேண்டும். வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே குண்டை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் சமாச்சாரம். சொல்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

முதல் நாள் சாயங்காலம் ஹில்க்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். ஒரு பக்கம் ரேடியோவில் ஹாக்கி ஆட்டம், ஒரு பக்கம் காபி, நடுவில் இல்போ. எவனோ கோல் போட்டான். இல்போ துள்ளிக் குதித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். வரிசையில் நின்ற கூடுகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"இதுல போட்டேனா, அதுல போட்டேனா?"

"எழுந்திரு" என்றாள் ஹில்க்கா.

"என்னது?"

"எழுந்திருன்னேன். ரெண்டு தடவை மருந்து விழுந்த தோட்டாவை நீ மூஞ்சிக்குப் பக்கத்துல வச்சுச் சுடுவ. அப்புறம் நான் ஒனக்கு ஆயுசு முழுக்கக் கரண்டியில கஞ்சி ஊட்டணுமா? நகரு."

அன்று உட்கார்ந்தவள்தான். சட்டப்படி செய்யவேண்டும் என்று அவன் துப்பாக்கிக்கே தன் பெயரிலும் ஓர் அனுமதி வாங்கினாள். அதற்கான சுடும் தேர்வில் அழுதுகொண்டே தேறினாள். அப்புறம் துப்பாக்கியைத் தொடவில்லை. குளிர்காலம் முழுக்கத் தோட்டா நிரப்பும் புத்தகத்தைப் படித்தாள். அவளுக்கென்று சில விதிகள் உண்டு. கைபேசி அணைந்திருக்க வேண்டும். மேஜைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். ஒவ்வொரு கூட்டுக்கும் மருந்தைத் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும், பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் டப்பாவையும் நிறுத்து, மிச்சத்தை நோட்டில் எழுத வேண்டும். அவள் நிரப்பிய முதல் தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டச் சொல்லி, விறகுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து கயிற்றை இழுக்க வைத்தாள். குண்டு நல்லபடியாகப் போனது. அவள் காதைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அப்புறம் இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. கடைத் தோட்டாவைவிட அவளுடையது நேராகப் போகிறது என்று இல்போ போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

இந்த வருஷம் அவனுக்குப் புது ஆசை ஒன்று வந்தது. அதே துப்பாக்கியால் காட்டுச்சேவலும் சுடவேண்டுமாம். மானுக்குப் போடுகிற தோட்டாவால் பறவையைச் சுட்டால் இறக்கைதான் மிஞ்சும். அதற்கென்று எங்கள் பக்கத்தில் மெதுவாகப் பாயும் தோட்டா நிரப்புவார்கள். அந்த மருந்து வேறு; சட்டென்று எரியும், ஒரு சிட்டிகை போதும். மான் மருந்து நிதானமாக எரியும், கூடு நிறையப் போடவேண்டும். மான் மருந்தின் அளவுக்குப் பறவை மருந்தைப் போட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறும். இதை ஹில்க்கா அவனுக்கு ஐம்பது தடவை சொல்லியிருப்பாள்.

"தெரியும்மா தாயே, தெரியும்" என்பான் அவன்.

செவ்வாய்க்கிழமை அவள் தபால் வேலையில் இருந்தபோது அவனே உட்கார்ந்து இருபது பறவைத் தோட்டா நிரப்பிவிட்டான். எல்லாம் நோட்டில் இருக்கிறபடிதான் செய்தேன் என்று சத்தியம் செய்தான். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் இருபது மான் தோட்டா நிரப்பினாள். அன்றைக்கு அவள் மனசு ஒரு நிலையில் இல்லை. அக்கா ஐலா, கஜானி நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால் கைபேசியை அணைக்கவில்லை. கடைசிக் குண்டை அழுத்தி முடிக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அக்காவுக்கு ஒன்றும் இல்லை, பித்தப்பைக் கல்தான். ஆனால் அந்தப் பதற்றத்தில் டப்பாவை நிறுக்கிற வேலை நின்றுபோனது.

சனிக்கிழமை விடியும் முன்பே இல்போ கிளம்பிப் போனான். பதினாலு பேர் கொண்ட வேட்டைக் குழு; தங்களுக்குள் பேச ஆளுக்கொரு கைரேடியோ. தலைவன் மரம் அறுக்கும் பட்டறைக்காரன் தபானி. வீட்டில் தனியாக இருந்த ஹில்க்கா ரொட்டியும் வெண்ணெயும் தின்றுவிட்டு, விட்டுப்போன கணக்கை முடித்துவிடலாம் என்று துணி துவைக்கும் அறைக்குப் போனாள். மான் மருந்து டப்பாவைத் தராசில் வைத்தாள். இருபது தோட்டாவுக்கு அறுபது கிராம் போயிருக்கவேண்டும்.

போன தடவை நோட்டில் எழுதியதைவிட டப்பா நாற்பது கிராம் கூடியிருந்தது.

தராசைச் சரிபார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே நாற்பது. டப்பாவுக்குள் மருந்து குட்டியா போடும்?  அலமாரியிலிருந்து பறவை மருந்து டப்பாவை எடுத்து வைத்தாள். பதினைந்து கிராம் குறைந்திருக்க வேண்டிய இடத்தில் நூற்றுப் பதினைந்து கிராம் குறைந்திருந்தது.

அந்த நூறு கிராம் எங்கே போனது என்று அவள் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. இல்போ பறவைத் தோட்டாவை முடித்துவிட்டு, அளவுக் குப்பியில் மிச்சமிருந்ததை டப்பா மாற்றிக் கொட்டியிருக்கிறான். அது மான் மருந்துக்கு மேலே கிடந்திருக்கிறது. வியாழக்கிழமை அவள் மேலாக எடுத்து எடுத்து, தராசில் பார்த்துப் பார்த்து, கூடு கூடாக நிரப்பியது அத்தனையும் பறவை மருந்து. இரண்டும் கறுப்புக் குருணைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒன்று கொஞ்சம் பொடி என்று தெரியும். இருபதும் இருபது வெடி. அவை இல்போவின் இடுப்புப் பையில் இருக்கின்றன.

"ஐயோ கடவுளே" என்று வாய்விட்டுக் கத்தினாள்.

அவன் கைபேசிக்கு எட்டுத் தடவை அடித்தாள். எடுக்கவில்லை. அது அவன் வண்டியின் முன்பக்கப் பெட்டிக்குள்தான் கிடக்கும், மணி அடித்தால் மானுக்குக் கேட்டுவிடுமாம். தபானிக்கு அடித்தாள். ஆறாவது மணியில் எடுத்தான். குசுகுசுவென்று, கோபமாகப் பேசினான்.

"என்னம்மா?"

"தபானி, இல்போவ சுட வேண்டாம்னு சொல்லு. ரேடியோவுல சொல்லு, இப்பவே. தோட்டா சரியில்ல. மருந்து மாறிப்போச்சு."

"ஹில்க்கா, போன வருஷம் இதே நாள்ல எதுக்குக் கூப்பிட்ட? காபி மிஷினு. அதுக்கு முந்தின வருஷம்? இல்போ கம்பளி பனியன் போடாமப் போயிட்டான்னு."

"இது அது இல்லய்யா! துப்பாக்கி வெடிக்கும்! தலை போயிரும்!"

"நாய் மானை மடக்கி நிக்குது. இந்த நேரத்துல எவனாவது ரேடியோவுல வாயத் தொறந்தா மான் அடுத்த ஜில்லாவுக்குப் போயிரும். பத்து நிமிஷம் பொறு."

"பத்து நிமிஷத்துல அவன் சுட்டுருவான்யா!"

"ஒனக்கா மருந்து மாறும்? ஒரு குருணை கூட விழுந்தாலே ராத்திரி தூங்க மாட்டியே நீ. போய்க் காபியக் குடி, போ." வைத்துவிட்டான்.

மறுபடி அடித்தாள். அணைத்துவிட்டிருந்தான், பாவி.

வேறு யாருக்கும் அடித்துப் பயனில்லை. எல்லாரும் தபானி சொல்கிற பேச்சு கேட்கிறவர்கள். இரண்டு டப்பாவையும், நோட்டையும், குண்டு கழற்றுகிற சுத்தியலையும், போன வருஷத்துத் தோட்டா ஒன்றையும் பையில் திணித்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு வண்டியில் ஏறினாள். கதவைப் பூட்டினாளா என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது.

வேட்டை நடக்கிற சதுப்புக்காட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். சரளைப் பாதையில் முந்தின நாள் பெய்த மழை உறைந்திருந்தது. முப்பதுக்கு மேல் ஒருநாளும் ஓட்டாத பாதையில் தொண்ணூறில் போனாள். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாள், சத்தம் கேட்க. குளிர் காற்று முகத்தில் அடித்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துப்பாக்கி வெடித்தால் என்ன ஆகும் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினாள், அந்தப் படமே முன்னால் வந்து நின்றது. அவன் தாடை, காதுக்குப் பக்கத்தில் இருக்கும் மச்சம், வலது கண், எல்லாம் தனித்தனியாக ஞாபகம் வந்தன.

பாலத்தைத் தாண்டும்போது ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

பிரேக்கை அழுத்தியதில் வண்டி குறுக்கே திரும்பி நின்றது. எங்கிருந்து வந்தது? இடது பக்கமா? ஏரிக்கு அந்தப் பக்கம் வேறொரு குழுவும் வேட்டைக்கு இறங்கியிருந்தது. அவர்களாக இருக்கும், அவர்களாகத்தான் இருக்கவேண்டும். தொடர்ந்து இன்னொரு சத்தம் வந்தது, அதே பக்கத்திலிருந்து. இரண்டு தடவை சுட முடிந்தவன் இல்போவாக இருக்க முடியாது. "நன்றி, நன்றி" என்று யாருக்கோ சொல்லிவிட்டு மறுபடி கிளம்பினாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஆட்கள் காவல் நிற்கும் பாதையில், வேட்டை முடிந்தது என்று தலைவன் சொல்கிறவரை ஒருவரும் நகரக்கூடாது, ஒரு வண்டியும் நுழையக்கூடாது. குண்டு பறக்கிற இடம். பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒரு பால் வண்டிக்காரன் தெரியாமல் நுழைந்து மானை விரட்டிவிட்டான். இன்றைக்கும் அவனுக்கு யாரும் காபி ஊற்றமாட்டார்கள். பாதையின் தொடக்கத்தில் ஆரஞ்சுத் துணி கட்டி, வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தார்கள். ஒரு பலகையைக்கூட மீறாத ஹில்க்கா அதை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஹாரனில் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை.

காடே அலறியது. எங்கோ கிளைகள் மடமடவென்று முறிந்தன. நாய் குரைப்பு தூரம் தூரமாகப் போய்த் தேய்ந்தது. மரத்துக்கு மரம் ஆரஞ்சு சட்டைக்காரர்கள் எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்துக்கொண்டே, ஹாரனை அழுத்திக்கொண்டே போனாள். ஒன்பதாவது ஆள் இல்போ. மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தவன், பாதி கடித்த சாசேஜோடு எழுந்து ஓடிவந்தான்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு? வீடு எரியுதா? யாரு செத்தா?"

"துப்பாக்கியக் கீழ காட்டு. தோட்டாவ எடு. பையக் குடு."

"ஹில்க்கா..."

"குடுய்யா!"

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவனிடம் அப்படிக் கத்தியதில்லை. துப்பாக்கியைக் காலி செய்து, பையோடு தந்தான். மான் அவன் பக்கம் வரவே இல்லையாம். காலையிலிருந்து ஒன்றையும் பார்க்கவில்லையாம். அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். தாடை, மச்சம், கண். அப்புறம் பளார் என்று தோளில் ஓர் அறை விட்டாள்.

வேட்டை முடிந்தது என்று ரேடியோவில் தபானி சொன்னான்.  எல்லாரும் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு வேட்டைக் குடிசைக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவனெல்லாம் அவளை முறைத்தான்.

"பெரிய ஆண்மான், ஹில்க்கா! பத்துக் கிளைக் கொம்பு!"

"வருஷம் பூரா லீவு சேத்து வச்சு வந்தேன். ஹாரன் கேக்கவா வந்தேன்?"

"இனிமே இவள வீட்டுல கட்டிப்போட்டுட்டு வாய்யா, இல்போ."

ஹில்க்கா மேஜைமேல் வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை வைத்தாள். போன வருஷத்துத் தோட்டாவைச் சுத்தியலில் மாட்டி, மரக்கட்டையில் அடித்துக் குண்டைக் கழற்றி, மருந்தைத் தட்டின் ஒரு பக்கம் கொட்டினாள். இல்போவின் பையிலிருந்து ஒன்றை எடுத்து அதேபோலக் கழற்றி மறுபக்கம் கொட்டினாள். அப்புறம் பறவை மருந்து டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப பாருங்க" என்றாள். "கண்ணு இருக்குல்ல?"

குனிந்து பார்த்தார்கள். எல்லாரும் அனுபவப்பட்ட ஆட்கள். யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. இல்போவின் பையிலிருந்து வந்ததும் பறவை மருந்தும் ஒரே பொடி. ஒருவன் தொப்பியைக் கழற்றினான். 

இல்போ பெஞ்சில் உட்கார்ந்தான். "செவ்வாக்கிழமை..." என்றான். "மிச்சத்தக் கொட்டினேன். ரெண்டு டப்பாவும் மேஜைல இருந்துச்சு. எதுலன்னு பாக்கல. ஆட்டம் ஓடிட்டு இருந்துச்சு."

"ரெண்டு டப்பாவ எடுத்து வச்சியா? மேஜைல?"

"எடுத்து வச்சேன்."

அவனைத் திட்டுவதற்கு அவளிடம் மூச்சு இல்லை. பையைக் கவிழ்த்து, தோட்டாக்களை வரிசையாக நிறுத்தி எண்ணினாள். கழற்றியதைச் சேர்த்துப் பதினாறு. மறுபடி எண்ணினாள்.

"நாலு எங்க?"

இல்போ தலையைத் தூக்கவில்லை.

"இருபது நிரப்பினேன். நாலு எங்க, இல்போ? சுட்டியா?"

"சுடல. காலைல தபானி தோட்டாப் பெட்டியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டான். ரெண்டும் ஒரே அளவுத் துப்பாக்கிதான... யாருக்கும் தரக்கூடாதுன்னு நீ சொன்ன. நாலே நாலுதான்னு..."

எல்லாரும் தபானியைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பெரிய ஆள் கதவுப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றான், முகத்தில் ரத்தமே இல்லை. மெல்ல வந்து, பைக்குள் கையை விட்டு, மூன்று தோட்டாவை மேஜைமேல் வைத்தான். சட்டைப் பையிலிருந்து நாலாவதைத் தனியாக எடுத்தான். அது அவன் விரலிலிருந்து நழுவி உருண்டது.

"இது குழல்ல இருந்துச்சு" என்றான். "நீ கூப்பிட்டப்போ மான் எனக்கு எண்பது மீட்டர்ல நின்னுது, புதருக்குப் பின்னால. ஒன் ஃபோனை அணைச்சுட்டுக் காத்திருந்தேன். வெளிய வந்து முழுசா நின்னுது. தோள்ல குறி வச்சேன். விரலை விசைல வச்சுட்டேன், ஹில்க்கா. அழுத்த ஆரம்பிச்சுட்டேன். அப்பதான் ஒன் ஹாரன். தாவி ஓடிருச்சு." உருண்ட தோட்டாவைப் பிடித்து நிமிர்த்தி வைத்தான். "ஒன்னத் திட்டினேன். வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன்."

ஒருவன் போய்க் கதவைத் திறந்து வெளியே நின்றான். இல்போ இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

ஹில்க்கா அவனிடம் போய்க் குனிந்து கேட்டாள். "நான் கூப்பிட்டப்ப நீ ஃபோன எடுத்திருந்தா? சுடாதன்னு சொல்லியிருப்பேன். நீயும் காலி பண்ணியிருப்ப. நானும் சரின்னு வீட்டுலயே இருந்திருப்பேன். தபானிகிட்ட சொல்லியிருப்பியா? இவன்கிட்ட நாலு இருக்குன்னு ஒனக்கு ஞாபகம் வந்திருக்குமா?"

இல்போ முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"தெரியல" என்றான்.

ஹில்க்கா மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தபானி அவளுக்கு எதிரே முழங்காலிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் செருப்புக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணையும் தாடையையும் அவள் பார்த்தாள். முப்பது வருஷமாகத் தபால் கொடுக்கிற முகம். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு தடவைகூட அந்த முகம் அவள் நினைப்பில் வரவில்லை. அவள் இல்போ ஒருவனுக்காகத்தான் பயந்துகொண்டு வந்திருந்தாள்.